பெயரில் மட்டுமா கௌரவம்?

– மூன்றாமாண்டு இளங்கலை மாணவன்

கௌரவம் என்னும் சொல்லுக்கு நம் நாட்டில் இரண்டு பொருள் உண்டு. ஒருவருக்கு மாலை அணிவித்து, பொன்னாடை போர்த்தி, மேடையில் முன்வரிசையில் அமர்த்துவது ஒரு பொருள். கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல், அதற்கு ஈடாக ஒரு பட்டத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவது மற்றொரு பொருள். அரசு கலைக் கல்லூரிகளில் ‘கௌரவ விரிவுரையாளர்’ என்ற பெயரோடு நமக்குப் பாடம் சொல்லும் பெருமக்கள் இவ்விரண்டில் எந்தப் பொருளில் கௌரவம் பெறுகிறார்கள்? அவர்களுள் மிகச் சிறப்பாகக் கற்பிப்பவரை எவ்வாறு இனங்காண்பது, எவ்வாறு போற்றுவது? மாணவ நண்பர்களும் பேராசிரியப் பெருமக்களும் இதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும் என்ற விருப்பத்தால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

தமிழகத்து அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்கள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் பணியாற்றி வருகின்றனர். 2006-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இரண்டாம் சுழற்சி வகுப்புகள் தொடங்கப்பட்டபோது, தற்காலிக ஏற்பாடு என்ற அளவில் இம்முறை வேர்விட்டது. பிறகு புதுக் கல்லூரிகள் பல தோன்றின; பாடப்பிரிவுகள் பெருகின; ஓய்வு பெற்றவர்களின் இடங்கள் காலியாகவே கிடந்தன. தற்காலிகம் என்று நட்ட பந்தற்கால் வீட்டுத் தூணாகிவிட்டது. இன்று அந்தத் தூணை எடுத்துவிட்டால் கூரை நிற்காது. ‘பகுதி நேரம்’ என்பதும் ஏட்டில் எழுதும் பேச்சுத்தான். காலையில் வந்து, வகுப்பெடுத்து, விடைத்தாள் திருத்தி, வருகைப் பதிவேட்டைக் கூட்டிக் கழித்து, நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கும் உடன்வந்து நிற்பவரைப் பகுதி நேரத்தார் என்றால், முழு நேரத்தார் யாரோ?

ஊதியத்தைச் சொல்லிவிட வேண்டும். அதை ஒளித்து வைத்துக்கொண்டு விருதைப் பற்றிப் பேசுவது நாணயமாகாது. 2025 ஜூலையில் அரசு கல்லூரிகளுக்கு 574 கௌரவ விரிவுரையாளர்களை நியமிக்க அறிவிப்பு வந்தபோது மாதத் தொகுப்பூதியம் ரூ. 25,000 என்று கூறப்பட்டது. அதுவும் ஆண்டில் பதினொரு மாதங்களுக்கு. பல்கலைக்கழக மானியக் குழு 2019 ஜனவரியில் வெளியிட்ட நெறிமுறையோ, ஒரு வகுப்புக்கு ரூ. 1,500, மாதத்துக்கு உச்ச அளவு ரூ. 50,000 என்று கூறுகிறது. 25,000-ஐ 1,500-ஆல் வகுத்துப் பாருங்கள். பதினாறரைக்குச் சற்று மேலே வரும். உதவிப் பேராசிரியர் ஒருவர் வாரத்துக்கு 16 மணி நேரம் நேரடியாக வகுப்பெடுக்க வேண்டும் என்பது அதே குழுவின் கணக்கு. அதாவது, குழு வகுத்த விகிதப்படி ஒரு வாரத்து வகுப்புக்குரிய தொகை, இங்கே ஒரு மாதத்துக் கூலியாகிறது! பீஸ் ரேட்டுக் கணக்கில் பிறந்து வளர்ந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பன்னிரண்டாவது மாதம் இருக்கிறதே, அதைப் பற்றி அவிநாசிக்காரர்கள் ஒன்று சொல்லலாம். நம் ஊர்த் தலபுராணத்தில் சுந்தரர் வந்த கதையை அறியாதவர் இங்கு யார்? எதிரெதிராக இரண்டு வீடுகள்; ஒன்றில் மங்கல ஒலி, மற்றொன்றில் அழுகுரல். ஒன்றாகக் குளிக்கப் போன இரண்டு சிறுவர்களில் ஒருவனை மடுவில் முதலை விழுங்கிவிட்டது. தப்பி வந்தவனுக்கு ஆண்டுகள் கழித்துப் பூணூல் கலியாணம். சுந்தரர் பதிகம் பாட, முதலை கரைக்கு வந்து பிள்ளையை உமிழ்ந்ததாம். நம் கௌரவ விரிவுரையாளர்களை ஆண்டுதோறும் ஒரு முதலை விழுங்குகிறது. அதன் பெயர் மே மாதம். ஜூனில் அது அவர்களை உமிழ்ந்துவிடுகிறது என்பதும் உண்மைதான். ஆனால் ஒரு வேறுபாடு. புராணத்துப் பிள்ளை, முதலை வயிற்றில் இருந்த ஆண்டுகளுக்குரிய வளர்ச்சியோடு வெளியே வந்தான். இவர்களோ பத்தாண்டு கழிந்தாலும் முதல் ஆண்டில் இருந்த அதே உயரத்தில்தான் நிற்கிறார்கள். பணியாண்டுக்கேற்ற ஊதிய உயர்வு இல்லை, பதவி உயர்வு இல்லை, பணிமூப்பு என்ற சொல்லே அவர்கள் அகராதியில் இல்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். “வயிற்றுக்கே போதாதபோது விருது எதற்கு? ஒருவருக்குக் கேடயம் கொடுத்துவிட்டு ஏழாயிரம் பேரையும் மறந்துவிடலாம் என்ற சூழ்ச்சிக்கு நீயும் துணை போகிறாயா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் குஜராத் மாநிலத்து ஒப்பந்த உதவிப் பேராசிரியர்கள் வழக்கில் இதையொட்டிய கருத்தைத்தான் கூறியது. அவர்களுக்கு மாதம் ரூ. 30,000 கொடுக்கப்பட்டு வந்தது. அதே வேலையைச் செய்யும் நிரந்தர ஆசிரியர்களுக்கு அதைப் போல் பல மடங்கு. விழா மேடைகளில் குருவைத் தெய்வமாகப் போற்றிச் சுலோகம் சொன்னால் மட்டும் போதாது. அந்தப் பக்தி அவர்களை நடத்தும் முறையிலும் தெரிய வேண்டும் என்ற பொருள்பட நீதிபதிகள் கண்டித்தார்கள். உதவிப் பேராசிரியருக்குரிய குறைந்தபட்ச ஊதிய விகிதத்தைக் கொடுக்கவும் ஆணையிட்டார்கள். ஆகவே, சோற்றுக்குப் பதிலாகச் சந்தனம் என்று எவரேனும் சொன்னால் அதை நான் ஏற்கமாட்டேன். ஊதியம் உரிமை. அது நல்லவர், நடுத்தரமானவர் எல்லாருக்கும் சேர வேண்டியது. நான் பேசுவது அதற்கு மேலான ஒன்றைப் பற்றி.

அது என்ன? கௌரவ விரிவுரையாளர் ஒருவர் எவ்வளவு அருமையாகப் பாடம் நடத்தினாலும், அது எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. இதுதான் எனக்குப் பெரிய அநீதியாகப் படுகிறது.

நம் பனியன் கம்பெனிகளைப் பாருங்கள். பவர் டேபிளில் தைக்கும் டெய்லர் இன்று ஒரு கம்பெனி, அடுத்த மாதம் இன்னொரு கம்பெனி என்று மாறிக்கொண்டே இருப்பவர்தாம். அவருக்கும் நிரந்தரம் இல்லை. ஆனாலும் எந்த டெய்லர் தைத்த பண்டல் செக்கிங்கில் திரும்பி வருகிறது, எவருடையது திரும்பாமல் போகிறது என்பது செக்கிங் மேசையில் நிற்கும் அம்மாவுக்குத் தெரியும், காண்ட்ராக்டருக்கும் தெரியும். சீசன் நேரத்தில் கைத்திறமுள்ள டெய்லரைத் தேடி வண்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போவார்கள். அவருடைய திறமைக்கு ஊரில் ஒரு பேர் உண்டு. அந்தப் பேருக்கு ஒரு விலையும் உண்டு. உடம்பு மறைக்கும் பனியனுக்கு இருக்கும் இந்த ஏற்பாடு அறிவு வளர்க்கும் கல்லூரிக்கு இல்லை என்பது வேடிக்கைதானே?

அரசாங்கம் எதைக் கணக்கில் எடுக்கிறது? 2019-இல் ஆசிரியர் தேர்வு வாரியம் உதவிப் பேராசிரியர் பணிக்கு வெளியிட்ட அறிவிக்கையில், கற்பித்த அனுபவம் ஆண்டு ஒன்றுக்கு இரண்டு மதிப்பெண், உச்ச அளவு 15 என்று வகுத்திருந்தார்கள். முனைவர் பட்டத்துக்கு ஒன்பது. நேர்முகத் தேர்வுக்குப் பத்து. ஆண்டுகளை எண்ணினார்கள்; பட்டத்தை எண்ணினார்கள். அந்த ஆண்டுகளில் வகுப்பறைக்குள் என்ன நடந்தது என்று கேட்பதற்கு ஒரு வரிசை கூட இல்லை. பத்தாண்டு மனமுருகிக் கற்பித்தவருக்கும், பத்தாண்டு பழைய நோட்டைப் படித்துக் காட்டியவருக்கும் அந்த முறையில் ஒரே நிறைதான். பின்னர் 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்கும், 2025 அக்டோபரில் அதற்கு மாற்றாக 2,708 இடங்களுக்கும் அறிவிக்கை வந்தபோது போட்டித் தேர்வின் ஆட்சி ஓங்கிவிட்டது. நான் தேர்வுக்கு எதிரியல்லன். ஆனால் நாற்பது வயதில், பிள்ளைகளுக்கும் நமக்கும் நடுவே நின்று, இரவில் கண்விழித்துப் படித்து எழுதும் அந்த ஆசிரியரிடம் ‘நீ யாருக்கு என்ன கற்பித்தாய்?’ என்று ஒரு வார்த்தை கேட்கப்படாமலே போகிறதே என்றுதான் வருந்துகிறேன்.

சரி, விருதுகள்தாம் இருக்கின்றனவே என்பீர்கள். அங்கேயும் பாருங்கள். தேசிய நல்லாசிரியர் விருது 1958-இல் தோன்றியது. நெடுங்காலம் பள்ளி ஆசிரியர்களுக்கே உரியதாக இருந்து, 2023 முதல் கல்லூரி, பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கும் விரிந்தது. வெள்ளிப் பதக்கம், சான்றிதழ், ரூ. 50,000 பரிசு. ஆனால் விதியைப் படித்தால், உயர்கல்விப் பிரிவில் விண்ணப்பிப்பவர் நிரந்தர ஆசிரியராக இருக்க வேண்டும். பள்ளிப் பிரிவிலோ ஒப்பந்த ஆசிரியர்கள் தகுதியற்றவர்கள் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். நன்றாகக் கற்பித்தவருக்குப் பரிசு என்று தலைப்பில் சொல்லிவிட்டு, நியமன ஆணையின் நிறத்தைப் பார்த்து வாசலில் நிறுத்துவது எந்த ஊர் நியாயம்?

ஆசிரியருக்கு இலக்கணம் வகுப்பதில் நம் முன்னோர் இத்தகைய குழப்பம் எதுவும் செய்யவில்லை. பவணந்தியார் நம் கொங்கு நாட்டில் பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரத்தார் என்று இங்குள்ளோர் பெருமையோடு சொல்வதுண்டு. அவருடைய நன்னூல் பாயிரம் நல்லாசிரியரை நிலத்துக்கும், மலைக்கும், நிறைகோலுக்கும், மலருக்கும் ஒப்பிடுகிறது. ஆகாத ஆசிரியருக்கும் நான்கு உவமைகள்: கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு. பருத்தி விளைந்த பூமியில் பிறந்த நமக்குப் பருத்திக் குண்டிகையை எளிதில் விளங்கிக்கொள்ள முடியும். குறுகிய வாயுள்ள குடுவையில் பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திணித்தால், எடுக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிய்ந்து பிய்ந்து வரும். எத்தனையோ படித்திருந்தும் வகுப்பில் ஒரு கைப்பிடிக்கு மேல் எடுத்துக் கொடுக்கத் தெரியாதவர் அப்படி. முடத்தெங்கு, தண்ணீர் ஊற்றியவன் தோட்டத்தை விட்டு அடுத்தவன் தோட்டத்தில் காய் போடும் வளைந்த தென்னை. சம்பளம் ஓரிடத்தில் வாங்கி உழைப்பை வேறிடத்தில் கொடுப்பவர் எவரேனும் இருந்தால் அவர்களுக்குப் பொருந்தும். இந்த எட்டு உவமைகளில் நிரந்தரம், தற்காலிகம் என்ற பேச்சே இல்லை. நிலத்தை எவரேனும் பகுதி நேர நிலம் என்பார்களா?

நல்ல ஆசிரியர் என்று நான் யாரைச் சொல்கிறேன் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் கூறுகிறேன். நம் வட்டாரத்துக் கல்லூரி ஒன்றில் வணிகவியல் நடத்தும் கௌரவ விரிவுரையாளர் அவர். நம்மில் பலர் சனி, ஞாயிறு செக்கிங்குக்கும் அயர்னுக்கும் போகிறவர்கள். சிலர் இரவு ஷிப்டு முடித்து நேரே வகுப்புக்கு வருகிறவர்கள். அடக்கவிலைக் கணக்கியல் என்ற பெயரைக் கேட்டதும் அப்படிப்பட்டவர்களுக்குக் கண் சொருகும். அவர் பாடநூலில் உள்ள, நாம் கண்டிராத இயந்திரத் தொழிற்சாலைக் கணக்கை ஒதுக்கிவைத்தார். கரும்பலகையில் ஒரு பனியனை வரைந்தார். நூல் விலை, நிட்டிங் கூலி, சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று ஒவ்வொன்றாக மாணவர்களையே சொல்லச் சொன்னார். கட்டிங்கில் போகும் வேஸ்ட் எவ்வளவு, அது யார் தலையில் விழுகிறது என்று கேட்டபோது, கடைசிப் பெஞ்சில் தூங்கியவன் எழுந்து பதில் சொன்னான். அது அவன் தினமும் கையால் அள்ளும் துணி. அன்றைக்கு அந்தப் பாடத்தில் அவனே பேராசிரியன்! 2022 மே மாதம் நூல் விலை உயர்வை எதிர்த்துத் திருப்பூரில் இரண்டு நாள் கதவடைப்பு நடந்ததை வைத்துத் தேவையும் அளிப்பும் பற்றி விளக்கினார். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குகளுக்கு 50 விழுக்காடு வரி விதித்தபோது, அந்த வாரமே பன்னாட்டு வாணிகப் பாடத்தை அதிலிருந்து தொடங்கினார். ஆங்கிலத்தில் எழுத அஞ்சுவோருக்கு மாலையில் அரை மணி நேரம் வாக்கியம் அமைக்கச் சொல்லிக்கொடுத்தார். அந்த அரை மணிக்கு எந்த அலுவலகத்திலும் கணக்கில்லை. இவரைப் போல் ஒவ்வொரு கல்லூரியிலும் சிலர் இருக்கிறார்கள். யார் யார் என்று மாணவர்களைக் கேட்டால் தெரியும். கோப்பைக் கேட்டால் தெரியாது.

இனங்காண்பது எப்படி? இங்கேதான் கவனம் வேண்டும். மாணவர்களிடம் ஓட்டுப் பெட்டி வைத்துவிடலாம் என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஓட்டு என்று வந்தால் அக மதிப்பெண்ணைத் தாராளமாகப் போடுபவரும், வருகைப் பதிவில் கண்ணை மூடிக்கொள்பவரும், நகைச்சுவையாகப் பேசிப் பொழுதைக் கழிப்பவரும் வென்றுவிடுவார்கள், கண்டிப்பானவர் தோற்பார். பணி நீட்டிப்புக்காக ஆண்டுதோறும் காத்திருப்பவரை நாமும் ஓட்டுக்காகக் கையேந்த வைப்பது கொடுமையிலும் கொடுமை. சாதியும் துறைச் சண்டையும் அதில் புகுந்துவிடும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

அதைவிட, படித்து முடித்துச் சென்று ஓராண்டு ஆனவர்களைக் கேட்கலாம். அவர்களுக்கு மதிப்பெண் பயமும் இல்லை, ஆசையும் இல்லை. வங்கித் தேர்வு எழுதும்போதோ, கம்பெனியில் கணக்குப் பார்க்கும்போதோ, மேற்படிப்பில் முதல் வகுப்பில் உட்காரும்போதோ யார் சொன்னது மனத்தில் எழுந்தது என்று அவர்கள் சொல்வார்கள். ‘நல்லவர், வல்லவர்’ என்று எழுதக்கூடாது. எந்தப் பாடம், எப்படி நடத்தினார், அதனால் என்ன விளங்கிற்று என்று எழுத வேண்டும். இரண்டாவதாக, மூத்த பேராசிரியர் இருவர், அதிலும் ஒருவர் வேறு துறையைச் சேர்ந்தவர், அவ்வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்து கேட்க வேண்டும். தம் துறையல்லாத பாடம் தமக்கே விளங்கிற்றா என்று பார்ப்பது போன்ற நல்ல சோதனை வேறில்லை. தேர்ச்சி விகிதத்தையும் பார்க்கலாம்; ஆனால் எல்லாரும் தேறும் தாளை விட்டுவிட்டு, நம்மவர் அரியர் வைத்துத் தவிக்கும் தாளில் பார்க்க வேண்டும்.

வகுப்பில் அமர்ந்து கேட்பது ஆசிரியரை அவமதிப்பதாகாதா என்று சிலர் ஐயுறலாம். உ. வே. சாமிநாதையர் 1880-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரிக்குத் தமிழாசிரியராக வந்தது எப்படி? ஓய்வு பெறவிருந்த தியாகராச செட்டியார், ‘எனக்குப் பிறகு இவரே தக்கவர்’ என்று எடுத்துச் சொன்னார். கல்லூரியார் அவரைப் பாடஞ்சொல்லச் செய்து, கேட்டுப் பார்த்த பிறகே ஏற்றனர். பட்டம் எதுவும் அவரிடம் இல்லை. தொடக்கச் சம்பளம் மாதம் ஐம்பது ரூபாய். அவர் சொல்வதைக் கேட்டுத் தேர்ந்தெடுத்ததால்தான் அந்தக் கல்லூரிக்கு அப்பேராசான் கிடைத்தார். இன்றைக்குப் பெரியவர் ஒருவரின் சிபாரிசை மட்டும் நம்பி வேலை கொடுத்தால் என்னென்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. கேட்டுப் பார்ப்பதை ஏன் கைவிட்டோம் என்றுதான் கேட்கிறேன்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கப் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கத்தின் கணக்குப்படி, 1987-இல் அந்நாட்டுக் கல்லூரி ஆசிரியர்களில் ஏறத்தாழ 47 விழுக்காட்டினர் நிரந்தரம் இல்லாதவர்கள். 2021-இல் அது 68 விழுக்காடு. அங்கே பல பல்கலைக்கழகங்கள் பகுதி நேர ஆசிரியர்களுக்கென்றே தனிக் கற்பித்தல் விருது வைத்திருக்கின்றன. செல்வத்தில் கொழித்த நாட்டிலேயே இந்த நிலையா என்று வியக்கவும், விருது கொடுத்தும் நிரந்தரம் கொடுக்கவில்லையே என்று குறைகூறவும் இடமுண்டு. எனக்கு அதைவிடப் பிடித்தது இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் செய்தது. 1969-இல் தோன்றியது முதல் அது பகுதி நேர ஆசிரியர்களை நம்பியே நடந்து வந்தது. 2022-இல் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அத்தகையோரை, பகுதி நேரமாகவே ஆனால் நிரந்தரமாக, பணியில் அமர்த்திக்கொண்டது. பகுதி நேரமும் நிரந்தரமும் ஒன்றுக்கொன்று பகை என்று யார் சொன்னது?

அவ்வளவு தூரம் போவானேன்? அண்டையிலுள்ள கர்நாடகம் 2024 தொடக்கத்தில் தன் கௌரவ விரிவுரையாளர்களின் ஊதியத்தைப் பணியாற்றிய ஆண்டுகளுக்கேற்ப ரூ. 5,000 முதல் 8,000 வரை உயர்த்தியது; அறுபது வயதில் விடைபெறுவோருக்கு ஐந்து லட்ச ரூபாய் என்றும் அறிவித்தது. ஹரியானா 2024 நவம்பரில் இவர்களுக்குப் பணிப் பாதுகாப்புச் சட்டமே இயற்றியது. நாமோ சமூக நீதிக்கும் கல்விக்கும் முன்னோடி என்று மார் தட்டிக்கொள்கிறோம். அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்துக்கு நம் பாட்டன்மார் கேட்டது, 2024 ஆகஸ்டில்தான் தண்ணீராய் நம் குளங்களுக்கு வந்தது. இதற்கும் அவ்வளவு காலம் ஆகுமோ என்ற அச்சம் எழுவது இயல்பே.

அரசு செய்ய வேண்டியவை இரண்டு. விருது விதிகளில் ‘நிரந்தர’ என்ற ஒரு சொல்லை நீக்க வேண்டும். இதற்குக் காசு செலவில்லை. நிரந்தர நியமனம் நடக்கும்போது, முறையாகப் பதிவு செய்யப்பட்ட கற்பித்தல் சிறப்புக்கு மதிப்பெண் ஒதுக்க வேண்டும். வெறும் ஆண்டுக் கணக்குக்கு அன்று; முன்னாள் மாணவர் கடிதமும், மூத்த பேராசிரியர் வகுப்புக் குறிப்பும் கோப்பில் உள்ளவருக்கு. போட்டித் தேர்வில் இரண்டு மதிப்பெண்ணில் ஒருவர் வாழ்வு மாறிவிடுகிறது. அந்த இரண்டு மதிப்பெண்ணில் ஒரு பங்கு, கற்பித்த கையிலிருந்து வரட்டுமே.

கல்லூரி செய்யக்கூடியது அரசின் ஆணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆண்டு விழாவில் சிறந்த மாணவருக்கும் ஓட்டப்பந்தயத்தில் வென்றவருக்கும் பரிசு தருகிறோம். அதே மேடையில் சிறந்த கௌரவ விரிவுரையாளர் ஒருவருக்கும் தரலாம். என்ன தரலாம் என்பதில் எனக்கு ஒரே கருத்துத்தான். பொன்னாடை வேண்டாம், கண்ணாடிக் கேடயமும் வேண்டாம். அந்த மே மாதச் சம்பளத்தைத் தரலாம். ரூ. 25,000. ஓர் ஆசிரியருக்கேனும் அந்த ஆண்டில் முதலை வாய் திறக்காமல் இருக்கட்டும். பணம் யார் தருவது? முன்னாள் மாணவர் சங்கம் நூறு பேர் ஆளுக்கு 250 ரூபாய் போட்டால் முடிந்தது. பனியன் கம்பெனியில் ஒரு நாள் கூலிகூட ஆகாது. பெரிய கம்பெனி முதலாளிகளிடம் கேட்கலாமே என்பார்கள். கேட்டால் மனமுவந்து கொடுப்பவர்கள் நம் ஊரில் உண்டு. இருந்தாலும், விருதின் பெயர்ப்பலகையில் கம்பெனியின் பெயர் பெரிதாகவும் ஆசிரியரின் பெயர் சிறிதாகவும் வந்துவிடும். நூறு மாணவர்களின் 250 ரூபாயே எனக்கு உயர்வாகத் தோன்றுகிறது.

ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர் மனம் புண்படாதா என்ற கேள்விக்கும் விடை சொல்லியாக வேண்டும். புண்படும். அதனால்தான் பரிசைவிடப் பதிவு முதன்மையானது என்கிறேன். பரிசு ஒருவருக்கு, பதிவு எல்லாருக்கும். கடிதம் வந்த ஒவ்வோர் ஆசிரியரின் கோப்பிலும் அக்கடிதத்தின் நகல் முதல்வரின் கையொப்பத்தோடு சேர வேண்டும். ஒரு நகல் அவர் கையிலும் இருக்க வேண்டும். நிரந்தர ஆசிரியர் ஒருவர் மாறுதலில் வந்ததும், இவர் வேறு கல்லூரிக்குப் பெட்டியைக் கட்ட நேர்கிறது. அப்போது அங்குள்ள முதல்வரிடம் காட்டுவதற்குப் பணி அனுபவச் சான்றிதழ் என்ற இரண்டு வரித் தாளோடு இதுவும் இருக்கும். இவர் புதியவர் அல்லர், ஓர் ஊரில் பேர் வாங்கி வந்தவர் என்பது முதல் நாளே தெரியும்.

பணி நீட்டிப்பு ஆணை ஜூனில் கல்லூரி திறக்கும் தறுவாயில்தான் வரும். அதற்கு முன்பே கடிதங்கள் கோப்பில் இருந்தால்தான் பயன். ஏப்ரல் கடைசியில் தேர்வு முடிந்த மறுநாளே நம்மில் பாதிப் பேர் கம்பெனிக்கும் தறிக்கும் போய்விடுவோம்; பிறகு எழுதக் கை வராது. ஆகையால் போன ஆண்டு முடித்துச் சென்ற அண்ணன்மாரையும் அக்காமாரையும் இப்போதே தேடிப்பிடித்து, மார்ச்சு முதல் வாரத்துக்குள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி வாங்கித் துறைத் தலைவரிடம் சேர்த்துவிடுவது நல்லது. தாள் முழுத்தாளாக இருக்கட்டும். பாடத்தின் பெயரையும், படித்த ஆண்டையும் மறவாமல் குறிக்கச் சொல்லுங்கள்.